ஏறாத தண்ணீர், இறங்காத காபி: வாக்யூம் காபி மேக்கர் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

சைஃபன் என்று செல்லமாக அழைக்கப்படும் வாக்யூம் காபி மேக்கரில் கோளாறுகள் பல மாதிரி தெரியும். தோண்டிப் பார்த்தால் அநேகமாக இரண்டுதான் மிஞ்சும்: காற்று போகக் கூடாத இடத்தில் போகிறது, அல்லது திரவம் போக வேண்டிய இடத்தில் போகவில்லை. 1830களில் பெர்லினில் தலைகாட்டிய காலத்திலிருந்து இந்தச் சாதனம் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது. உள்ளே நடக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் 1930களின் சைலெக்ஸ் பிராண்டுக்கும் நேற்று பெட்டி பிரித்த ஹாரியோ பிராண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேறு காபி இயந்திரம் மக்கர் செய்தால் திருகாணியைக் கழற்றித்தான் உள்ளே என்னவென்று பார்க்க வேண்டும். இதில் குனிந்து பார்த்தால் போதும். குமிழி எங்கிருந்து வருகிறது, மட்டம் எங்கே நிற்கிறது, நுரை எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதைக் கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பிடித்தவர்கள் விடாமல் இருப்பதற்குச் சுவைக்கு நிகரான காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

கோளாறு புரிய வேண்டுமானால் சரியாக ஓடும்போது என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அடியில் குழாய் வைத்த மேல் குடுவை, கீழ்க் குடுவையின் வாயில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்; குழாயின் மேல்வாயில் வடிகட்டி. கீழ்க் குடுவையில் தண்ணீர் சூடாகும்போது அங்குள்ள காற்று விரிகிறது, நீராவியும் சேர்கிறது. வெளியேற வழியில்லாததால் அவை தண்ணீரை அழுத்தி, குழாய் வழியாக மேல் குடுவைக்குத் தள்ளுகின்றன. 15 சென்டிமீட்டர் உயரம் ஏற்ற, வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்கு கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே தண்ணீர் கொதிநிலையைத் தொடும் முன்பே ஏறிவிடும். தீயை எடுத்ததும் ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது, கீழே அழுத்தம் விழுகிறது. வெளிக்காற்று மேலிருந்து அழுத்த, காபி வடிகட்டி வழியாக இறங்குகிறது. உறிஞ்சப்படுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் தள்ளப்படுகிறது.

எதையும் சந்தேகிக்கும் முன்: குளிர்ந்த நீர்ச் சோதனை

தீயே வேண்டாம். கீழ்க் குடுவையில் குழாயின் நுனி மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். ரப்பர் வளையத்தை, அதாவது கேஸ்கெட்டை, நனைத்து மேல் குடுவையைப் பொருத்தி இலேசாகத் திருகி அழுத்துங்கள். வடிகட்டி இல்லாமலேயே மேல் குடுவையில் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் துளி இறங்கி அப்படியே நின்றால் மூடல் இறுக்கமாக இருக்கிறது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், உள்ளே இருக்கும் காற்று எங்கோ தப்பிக்கிறது. கேஸ்கெட்டைச் சுற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. கீழே சொல்லப்போகும் அறிகுறிகளில் பாதிக்கு விடை இந்தச் சோதனையிலேயே கிடைத்துவிடும்.

தண்ணீர் கொதிக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை

கழுத்தருகே ஆவி சீறுகிறதா என்று பாருங்கள். சீறினால் கேஸ்கெட்தான். புது ரப்பர் விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீளும். பழையது கட்டிபட்டு, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகளோடு மினுமினுக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் சிறிது நேரம் இளகும். அன்றைய காபிக்கு உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

கேஸ்கெட் நன்றாக இருந்தும் ஆவி வந்தால் கீழ்க் குடுவையின் வாய் விளிம்பில் விரலை வைக்காமல் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்திருந்தால் எந்த ரப்பரும் அங்கே உட்காராது. பழைய சாமானில் இது அடிக்கடி காணும் குறை. விற்பவர்கள் படம் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்பதும் தற்செயல் அல்ல.

ஆவி எங்கும் சீறவில்லை, தண்ணீர் மட்டும் சோம்பலாக இருக்கிறது என்றால் தீ போதவில்லை. ஸ்பிரிட் விளக்கில் இது சகஜம். ஆரம்பத்திலேயே வெந்நீர் ஊற்றித் தொடங்கினால் விளக்குக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். கண்ணாடிக் குழாயில் நீளவாக்கில் கீறல் விட்டிருந்தாலும் தண்ணீர் ஏறாது. அப்போது அடைபட்ட காற்றும் ஆவியும் தண்ணீரைத் தள்ளாமல் அந்தக் கீறல் வழியாகக் குழாய்க்குள் நுழைந்து மேலே கொப்பளிக்கும். அதற்கு வைத்தியம் இல்லை. மேல் குடுவையை மாற்ற வேண்டியதுதான்.

ஏறிவிட்டது, ஆனால் கீழே நிறையத் தங்கிவிட்டது

கொஞ்சம் தங்கத்தான் வேண்டும். குழாயின் நுனிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எந்த அழுத்தமும் ஏற்றாது. அந்த மிச்சம் தொடர்ந்து ஆவியாகிக்கொண்டிருப்பதால்தான் மேலே உள்ள காபி இறங்காமல் நிற்கிறது, குடுவையும் வறண்டு வெடிக்காமல் இருக்கிறது. மிச்சம் இரண்டு விரற்கடைக்கு மேல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பழைய சந்தையில் வாங்கியது என்றால், மேலும் கீழும் வெவ்வேறு செட்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கழுத்து பொருந்தும், குழாய் குட்டையாக இருக்கும். நுனிக்கும் குடுவையின் அடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும்.

தண்ணீர் திடீரென்று பீறிட்டு மேலே பாய்கிறது

இது சுவைப் பிரச்சினை அல்ல, ஆபத்து. வழவழப்பான கண்ணாடிக்குள் தண்ணீர் குமிழி விடாமலே கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி நிற்கும். யாராவது குழாயை நுழைத்தாலோ அசைத்தாலோ அத்தனையும் ஒரே நொடியில் பொங்கும். நவீன சைஃபன்களில் வடிகட்டியிலிருந்து தொங்கும் மணிச் சங்கிலி அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. குமிழிகள் பிறக்க இடம் கொடுப்பதே அதன் வேலை. சங்கிலி குழாய் வழியாக இறங்கி, நுனிக்கு வெளியே தொங்கி, குடுவையின் அடியைத் தொட வேண்டும்.

மேல் குடுவையைச் சாய்வாகச் செருகி, சங்கிலி தண்ணீரில் கிடக்கட்டும், இறுக்கிப் பொருத்தாதீர்கள். மணிகளிலிருந்து பெரிய குமிழிகள் வரிசையாகக் கிளம்பத் தொடங்கியதும் நேராக நிமிர்த்தி அழுத்துங்கள். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால் முதலில் தீயை நகர்த்தி, அடங்கிய பிறகு பொருத்துங்கள்.

காபி புளிக்கிறது, சாரம் இறங்கவில்லை

பெரும்பாலும் தண்ணீர் சீக்கிரம் ஏறியதன் விளைவு. பச்சைத் தண்ணீர் ஊற்றிய உடனே மேல் குடுவையை இறுக்கிப் பூட்டிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்தே தண்ணீரைத் தூக்கத் தொடங்கிவிடும். அப்போது தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டியிருக்காது. மேலே சொன்ன சாய்வுச் செருகல் இதற்கும் மருந்து. ஏறியபின் தீயைக் குறைத்து அரை நிமிடம் விட்டு, வெப்பமானி 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காட்டிய பிறகு தூளைப் போடுங்கள். கிராமுக்கு 15, 16 மில்லி தண்ணீர் என்ற கணக்கில் தொடங்கலாம்.

கசக்கிறது

நேரம் கூடிவிட்டது, அல்லது தீ அதிகம். தூள் போட்டதிலிருந்து தீயை எடுக்கும்வரை ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் போதும். மேலே இருப்பது கொதிப்பது போலத் தெரியும். அது கொதிப்பு அல்ல. குழாய் வழியாக வரும் ஆவியின் ஆட்டம். அந்த ஆட்டம் மென்மையாக இருக்கும்படி தீயை வையுங்கள். இறங்கிய காபியைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்கினாலும் கசப்பு வரும். எப்படியும் இந்தக் காபி நாக்கைச் சுடும் சூட்டில்தான் இறங்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் குடித்தால்தான் அதன் வாசனை முழுதாகத் தெரியும்.

தீயை எடுத்தாயிற்று, காபி இறங்க மாட்டேன் என்கிறது

இதுதான் சைஃபன்காரர்களின் நிரந்தரத் தலைவலி. சரியாக ஓடினால் முக்கால் நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் இறங்கி முடியும். இரண்டு நிமிடம் ஆகியும் பாதி மேலேயே நின்றால், பதறாமல் கீழ்க் குடுவையைக் கவனியுங்கள்.

குழாய் நுனியிலிருந்து காபி சொட்டுச் சொட்டாக வருகிறது, கேஸ்கெட் பக்கம் சத்தமே இல்லை: அடைப்பு. குழாயில் ஒன்றும் வரவில்லை, கழுத்தில் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் மெல்லிய ஒலி: கசிவு. இரண்டும் இல்லாமல் குழாய் வழியாக இன்னும் குமிழி மேலே போய்க்கொண்டிருக்கிறது: சூடு இன்னும் நிற்கவில்லை. மின்தட்டு அடுப்பு அணைத்த பிறகும் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். சைஃபனையே தூக்கி அப்பால் வைக்க வேண்டும்.

கசிவைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஒழுங்காக ஏறியதால் கேஸ்கெட் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். ஏறும்போது பலமான தீ இருக்கிறது. கொஞ்சம் ஆவி வெளியே போனாலும் அதைவிட வேகமாகப் புது ஆவி பிறந்து குறையை மூடிவிடும். இறங்கும்போது அந்த ஒத்தாசை கிடையாது. இளகிய ரப்பராக இருந்தால் உள்ளே அழுத்தம் குறையும்போது தானே இன்னும் இறுகிப் பிடிக்கும். கட்டிபட்ட ரப்பர் அசையாமல் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். துண்டைப் பிடித்து மேல் குடுவையை நேராக அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மளமளவென்று இறங்கினால் குற்றவாளி பிடிபட்டது.

அடைப்பு என்றால் காரணம் பெரும்பாலும் அரைப்பு. நைசுக்கும் கொரகொரப்புக்கும் நடுவில், சர்க்கரைப் பரல் அளவுக்கு அரைத்தால் சரியாக வரும். அரவை இயந்திரம் மட்டமாக இருந்தால் பரலோடு மாவும் விழும். அந்த மாவுதான் துணியில் அப்பிக்கொள்ளும். கிளறுவதற்கும் பங்கு உண்டு. தூளைப் போட்டதும் எல்லாம் நனையும்படி ஒரு முறை, தீயை எடுத்ததும் சுழல விட்டு ஒரு முறை, அவ்வளவுதான். கடைந்துகொண்டே இருந்தால் மாவு முழுவதும் அடியில் போய்ச் சேரும். துணி பழசாகி எண்ணெய் ஏறியிருந்தாலும் இதே கதை. வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் இடைவெளியே தெரியாமல் பழுப்பாக அடைந்திருக்கும்.

அந்த வேளைக்குக் காபியைக் காப்பாற்ற: தீயைத் திரும்பக் காட்டுங்கள். கீழே கொஞ்சம் திரவம் இருந்தால் போதும். ஆவி மேலே கிளம்பி அடியில் அப்பியிருக்கும் தூளைக் குலைத்துவிடும். ஒரு முறை கிளறித் தீயை எடுத்தால் இரண்டாம் முறை பெரும்பாலும் இறங்கிவிடும், சற்றுக் கசப்போடு. குடுவையின் மேல் பகுதியில் ஈரத்துணி சுற்றுவது வேகமான வழி. ஆனால் துணி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், குடுவையும் கீறலில்லாத புதுசாக இருக்க வேண்டும். பழைய கண்ணாடியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். எதற்கும் மசியாவிட்டால், மேல் குடுவையை மெதுவாகச் சாய்த்து மூடலை விடுவித்து, கீழ்க் குடுவையின் வாய்க்கு நேரே பிடித்தபடி சொட்ட விடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் சூடான காபி கையில்.

கண்ணாடிக் கோல் வடிகட்டி உள்ள பழைய சைஃபன் அடைத்துக்கொள்கிறது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கோனா, அமெரிக்காவின் கோரி போன்றவற்றில் துணியே கிடையாது. சொரசொரப்பான குமிழ் வைத்த கண்ணாடிக் கோல் ஒன்று குழாயின் வாயில் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏறும்போது கோல் இலேசாக எழும்பி வழிவிடும். இறங்கும்போது தன் எடையால் உட்கார்ந்து, சொரசொரப்பின் இடுக்குகள் வழியாகக் காபியை மட்டும் விடும். துவைக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். இதைவிடச் சிக்கனமான வடிகட்டி யோசனையை நான் பார்த்ததில்லை. இன்றைய தயாரிப்பாளர்கள் பலர் இதைக் கைவிட்டது எனக்குப் புரியாத புதிர்.

ஆனால் கோலுக்கு நைஸ் தூள் ஆகாது. துணிக்கு அரைப்பதைவிட ஒரு படி பெரிதாக அரையுங்கள். அடைத்துவிட்டால், கரண்டியின் மரக்காம்பால் கோலின் தலையை மெல்லத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், விடுபடும். உலோகத்தால் தட்டாதீர்கள். சொரசொரப்பு மழுங்கியிருந்தால் அடைப்பு அடிக்கடி வரும். சில்லு பெயர்ந்திருந்தால் எதிர்மாறாகத் தூள் கோப்பைக்கு வந்துவிடும். கோரியின் கோல் வேறு பல பிராண்டுகளின் மேல் குடுவையிலும் பொருந்துவதால், மாற்றுக் கோல் தேடுவது பழைய கேஸ்கெட் தேடுவதைவிட எளிது.

மின்னலாக இறங்குகிறது, காபி தண்ணீராக இருக்கிறது

இருபது நொடிக்குள் எல்லாம் இறங்கிவிட்டால் அரைப்பு பெரிசு, அல்லது வடிகட்டி நடுவில் இல்லை. ஏறும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம்: வடிகட்டியின் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் பெருங்குமிழிகள் வந்தால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. மரக்காம்பால் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து, குமிழி சீராகச் சுற்றிலும் வரும்வரை தூளைப் போடாமல் காத்திருங்கள். முடிவில் சக்கை சிறு மேடாகக் குவிந்து நின்றால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

கோப்பையில் மண்டி

வடிகட்டியின் ஸ்பிரிங் கொக்கி குழாய் நுனியில் மாட்டியிருக்கிறதா? மாட்டாவிட்டால் தண்ணீர் ஏறும் வேகத்தில் வடிகட்டி மிதந்துவிடும், பிறகு தூள் தாராளமாக இறங்கும். கொக்கி சரி என்றால் துணியின் சுருக்குக் கயிறு தளர்ந்திருக்கும். தட்டோடு ஒட்டி இழுத்து முடிச்சிட்டு, வால்களை உள்ளே செருகுங்கள்.

பழைய வாடை, ரப்பர் வாடை

துணி காய்ந்துவிட்டால் அதில் தங்கிய எண்ணெய் கெட்டு, ஒவ்வொரு கோப்பையிலும் கூட வரும். சோப்பே படாமல் வெறும் தண்ணீரில் அலசி, மூடிய டப்பாவில் தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். புதுத் துணியைப் பயன்படுத்துமுன் கொதிக்கவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் வாடை அடிக்கும். இவ்வளவு பராமரிப்புக்கு நேரமில்லை என்பவர்களுக்குக் காகித வடிகட்டி பொருத்தும் தட்டுகள் இருக்கின்றன. காபி இன்னும் தெளிவாக வரும், உடல்கட்டு, அதாவது வாயில் உணரும் கனம், சற்றுக் குறையும்.

ரப்பர் வாடைக்குப் புது கேஸ்கெட்டைத் தவிர வழியில்லை. கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் படலம் என்றால் உப்புத் தண்ணீரின் வேலை. சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர் அதைக் கரைத்துவிடும்.

குடுவையில் கரி

திரி நீண்டுவிட்டது. சுடர் மஞ்சளாக நாக்கை நீட்டினால் கரி. நீலமாகக் குறுகி நின்றால் சுத்தம். திரி மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரிய வேண்டாம். சுடர் குடுவையின் அடியோடு நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஏறினால் தண்ணீர் இல்லாத இடத்தைச் சுடும். விளக்கு சூடாக இருக்கும்போது ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. ப்யூட்டேன் அடுப்பு இந்தத் தொல்லை எதுவும் தராது, தீயையும் நினைத்தபடி கூட்டலாம் குறைக்கலாம்.

கண்ணாடியில் விரிசல்

பயன்படுத்தாதீர்கள், ஒட்டவும் வேண்டாம். இனி வராமலிருக்க: அடுப்பில் வைக்குமுன் குடுவையின் வெளிப்புறத்தை ஈரமில்லாமல் துடையுங்கள், சூடான குடுவையைக் குளிர்ந்த கல்மேடையில் வைக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் தீயில் விடாதீர்கள். பழைய கண்ணாடி சைஃபனை மின்சுருள் அடுப்பில் வைப்பதானால் நடுவே கம்பி வலை கட்டாயம். சைலெக்ஸ் போன்றவை சூடு தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடியில் செய்யப்பட்டவைதான் என்றாலும், பல்லாண்டு கீறல்கள் பலத்தைத் தின்றிருக்கும். கம்பித் தூரிகை, உலோகக் கரண்டி இரண்டையும் அண்டவிடாதீர்கள்.

உலோக சைஃபன்கள்

சன்பீம் காபிமாஸ்டர் 1938 முதல் வந்த மின்சார சைஃபன்; குரோம் பளபளப்பில் இன்றும் பலர் வீட்டில் ஓடுகிறது. தண்ணீர் மேலே போனதும் அடித்தட்டின் சூடு எகிறும். அதை உணர்ந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் குறைந்த சூட்டுக்கு மாறும், காபி இறங்கும். இறங்கவேயில்லை என்றால் கேஸ்கெட்டுக்கு அடுத்து சந்தேகிக்க வேண்டியது அந்தத் தெர்மோஸ்டாட்டை. அதை மின்வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தக் காலத்து மின்கம்பிகளின் உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். நைந்த கம்பியை நீங்களே உரித்துப் பார்க்காதீர்கள், முழுதாக மாற்றச் சொல்லுங்கள்.

தராசு சைஃபன் வேறு வகை: உலோகப் பாத்திரமும் கண்ணாடிக் குவளையும் பக்கத்துப் பக்கத்தில். தண்ணீர் குவளைக்குப் போனதும் பாத்திரம் எடை குறைந்து மேலெழும், விளக்கின் மூடி தானே விழுந்து தீயை அணைக்கும். மூடி விழவில்லை என்றால் தண்ணீர் அளவு தவறு, அல்லது மூடியின் கீல் இறுகியிருக்கிறது. காபி திரும்பி வரவில்லை என்றால் பாத்திரத்தின் மேல் உள்ள திருகு மூடியின் வளையத்தைப் பாருங்கள். இதில் உள்ளே நடப்பது தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும்.

கேஸ்கெட் கிடைக்கவில்லை

இன்றைய மாடலுக்கு வளையம், துணி, மேல் குடுவை என்று எல்லாமே தனித்தனியாக வாங்கலாம். நின்றுபோன பிராண்டு என்றால் குடுவைக் கழுத்தின் உள்விட்டத்தையும் குழாயின் வெளிவிட்டத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து, உணவுத்தர சிலிக்கோனில் நடுவே துளையிட்ட அடைப்பானைத் தேடுங்கள். துளை குழாயைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிதாக இருக்கட்டும். பொருத்தியதும் முதலில் குளிர்ந்த நீர்ச் சோதனை, பிறகு தூள் போடாமல் வெறும் தண்ணீரை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.